பட்டம் முடிய இன்னும் எத்தனை கிரெடிட்?

"தங்கச்சி, என்ர டிகிரி முடிஞ்சுது தானே? ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஓர் அக்கா தனது கொப்பியை என் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். 2009இல் உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். அந்த வருடத்தின் பெரும்பகுதி முகாமில் போனது. பிறகு மீள்குடியேற்றம், திருமணம், இரண்டு பிள்ளைகள். தொலைக்கல்வி முறையில் கலைப் பட்டப்படிப்புக்குப் பதிவு செய்தபோது வயது முப்பது. ஒவ்வொரு பெறுபேறு வந்தபோதும் பாடத்தின் பெயரையும் அதற்குரிய கிரெடிட்டையும் கொப்பியில் எழுதி, அடியில் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். கடைசிக் கூட்டுத்தொகை 92. பட்டத்துக்குத் தேவை 90.

மாணவர் இணையத்தளத்தில் அவருடைய கணக்கைத் திறந்து வரி வரியாக ஒப்பிட்டோம். ஒரு பாடத்தில் முதலில் 'சி மைனஸ்' எடுத்தவர், அதே பாடத்தைத் திரும்ப எழுதி 'சி' எடுத்திருந்தார். கொப்பியில் அந்தப் பாடத்தின் 3 கிரெடிட்டும் இரண்டு தடவை ஏறியிருந்தது. சரியான கூட்டுத்தொகை 89.

ஒரு கிரெடிட் குறைவு. அதைக் காணாமல் பட்டதாரி நியமனம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க ஆவணங்கள் திரட்டத் தொடங்கியிருந்தார்.

இந்தக் கிரெடிட் என்பது என்ன? இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை மட்டுமல்ல, வீட்டில் வாசிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சைக்கு ஆயத்தமாவது எல்லாம் அதற்குள் அடங்கும். வருடத்துக்கு 30 கிரெடிட் என்ற கணக்கில், மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. வருடத்துக்கு 1,500 மணித்தியாலம் என்றால் கிழமைக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலம். வேலையும் பிள்ளைகளும் உள்ள ஒருவர் 'மூன்று வருடப் பட்டத்தை' ஏன் மூன்று வருடத்தில் முடிப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

ஒரே வகுப்பாகச் சேர்ந்து ஒரே வகுப்பாக வெளியேறுபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தாலே தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். தொலைக்கல்வியில் அப்படி இல்லை. 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையகம் நாவலயில். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் உண்டு. அங்கே மாணவர் பாடம் பாடமாகப் பதிவு செய்கிறார். ஒரு வருடம் நான்கு பாடம், அடுத்த வருடம் இரண்டு, இடையில் ஒரு வருடம் ஒன்றுமில்லை என்றும் போகலாம். இந்த நெகிழ்ச்சி எங்கள் ஆட்களுக்குப் பெரிய உதவி. ஆனால் கணக்கு வைக்கும் பொறுப்பும் அதனோடு சேர்ந்தே மாணவரின் தலையில் விழுகிறது.

ஸ்காபறோவில் இருக்கும் என் பெரியம்மாவின் பேத்தி தன்னுடைய கணக்கைத் தொலைபேசியில் ஒருமுறை காட்டினாள். அவள் ரொறன்ரோ பல்கலைக்கழக மாணவி. அங்கே 'டிகிரி எக்ஸ்ப்ளோரர்' என்றொரு இணையக் கருவி இருக்கிறது. அவர்களின் சிறப்புப் பட்டத்துக்கு 20 கிரெடிட் (அங்கே அளவுகோல் வேறு, எங்களுடைய கிரெடிட்டோடு ஒப்பிடக்கூடாது). முடித்த பாடங்களைப் பட்ட விதிகளோடு பொருத்தி, எந்த விதி நிறைவேறியது, எது இன்னும் மீதம் என்று அந்தக் கருவி காட்டுகிறது. அடுத்த வருடம் எடுக்க நினைக்கும் பாடங்களைப் போட்டுப் பரிசோதித்தும் பார்க்கலாம்.

நான் பார்த்த எங்கள் ஊர்த் தளங்கள் பெரும்பாலும் வேறு வகை. என்ன பாடத்துக்குப் பதிவு செய்தீர்கள், என்ன பெறுபேறு வந்தது, இறுதிப் பரீட்சைக்குத் தகுதி உண்டா என்று காட்டும். விதிகளோடு பொருத்திப் பார்க்கும் வேலை உங்களுடையது. அதற்கு மாணவர் கைநூலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பதிவு செய்த வருடத்துக்குரிய கைநூலாக அது இருப்பது முக்கியம். விதிகள் மாறும்போது பழைய மாணவர்களுக்குப் பழைய விதியா, புதியதா என்ற கேள்வி வரும்.

கூட்டுத்தொகை நிறைந்தால் பட்டம் நிறைந்துவிட்டது என்று எண்ணுவதுதான் பெரிய பிழை. 90 கிரெடிட்டுக்குள் கட்டாயப் பாடங்கள் எத்தனை, விருப்பப் பாடங்கள் எத்தனை, மேல் மட்டப் பாடங்கள் குறைந்தது எத்தனை என்ற பிரிவுகள் இருக்கும். 95 எடுத்தும் ஒரு கட்டாயப் பாடம் இல்லாமல் நிற்பவர் உண்டு. ஆங்கிலம் போன்ற சில பாடங்கள் பல இடங்களில் சராசரிப் புள்ளிக்குச் சேர்வதில்லை. அதனாலேயே அதை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். புள்ளிக்குச் சேராவிட்டாலும் சித்தி கட்டாயம். 'சி'க்குக் கீழான தரங்களும் அப்படித்தான். 'சி மைனஸ்', 'டி' எல்லாம் முழுத் தோல்வி அல்ல என்றாலும், எத்தனை கிரெடிட்டுக்கு அவற்றை அனுமதிப்பது என்பதற்குப் பல பட்டப்படிப்புகளில் எல்லை இருக்கிறது. திரும்ப எழுதினால் பெரும்பாலும் 'சி'க்கு மேல் தரமாட்டார்கள்.

அடுத்தது ஜீ.பி.ஏ. என்னும் சராசரி. 'ஏ'க்கு 4.00, 'பி'க்கு 3.00, 'சி பிளஸ்'க்கு 2.30, 'சி'க்கு 2.00 என்று ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு புள்ளி. அதை அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். ஒருவர் 2 கிரெடிட் பாடத்தில் 'ஏ', இன்னொரு 2 கிரெடிட் பாடத்தில் 'பி', 6 கிரெடிட் ஆய்வுக்கட்டுரையில் 'சி பிளஸ்' எடுத்தார் என்று வையுங்கள். வெறுமனே கூட்டி மூன்றால் வகுத்தால் 3.10. இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்குப் பல பல்கலைக்கழகங்களில் 3.00 போதும் என்பதால் சந்தோஷப்படுவார். சரியான கணக்கு 8, 6, 13.8 மூன்றையும் கூட்டிப் பத்தால் வகுப்பது. வருவது 2.78. ஆய்வுக்கட்டுரையைக் கடைசி மாதத்தில் அவசரமாக எழுதி முடிக்கும் பழக்கம் எங்களிடையே இருக்கிறது. அதன் பாரம் இங்கேதான் தெரியும்.

இதற்கெல்லாம் பணம் கொடுத்து எந்தச் செயலியும் வாங்கத் தேவையில்லை. அந்த அக்காவுக்கு 'கூகுள் ஷீற்ஸ்'இல் ஓர் அட்டவணை செய்து கொடுத்தேன். பாடக் குறியீடு, கட்டாயமா விருப்பமா, மட்டம், கிரெடிட், தரம், தரப்புள்ளி, பெறுபேறு வந்த திகதி என்று ஏழு நிரல்கள். ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு வரிதான். திரும்ப எழுதினால் அதே வரியில் தரத்தை மாற்ற வேண்டும், புதிய வரி போடக்கூடாது. முடிந்தது பச்சை, பெறுபேறு வராதது மஞ்சள். கிரெடிட் கூட்டும்போது பச்சையை மட்டும் கூட்ட வேண்டும். இணைப்பு இல்லாத இடத்திலும் திறக்கும்படி தொலைபேசியில் சேமித்து வைக்கலாம். ஒவ்வொரு பெறுபேறு வந்ததும் தளத்தின் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். இடம்பெயர்வில் சான்றிதழ்களைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு ஒரு பிரதியை வேறிடத்தில் வைப்பது ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். தளத்தில் உள்ள உங்கள் பெயரும் முதலெழுத்துகளும் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கின்றனவா? பிறப்புச் சான்றிதழ் தொலைந்து, பிறகு எடுத்த பிரதியில் எழுத்து மாறியவர்கள் எங்களிடையே அநேகர். பட்டச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்த அலைவதைவிட, மாணவராக இருக்கும்போதே எழுத்தில் கேட்பது இலகு.

இணையத்தளத்தில் கடைசிப் பெறுபேறு வந்த நாளும் பட்டம் வலுப்பெறும் திகதியும் ஒன்றல்ல. பெறுபேறுகளை மூதவை உறுதிப்படுத்த வேண்டும். வலுப்பெறும் திகதி பெறுபேற்றுச் சான்றிதழில் குறிக்கப்படும். பட்டதாரி நியமனங்களுக்கு விண்ணப்பம் கோரும்போது, இன்ன திகதிக்கு முன் பட்டம் வலுப்பெற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை இடுவது வழமை. ஒரு கிரெடிட்டுக்காக ஒரு பரீட்சைத் தவணை பிந்தினால், அந்தத் திகதியும் பிந்தும். சந்தேகம் இருந்தால், கடைசி வருடம் தொடங்கும்போதே அட்டவணையின் பிரதியோடு பீட அலுவலகத்துக்கோ பரீட்சைக் கிளைக்கோ எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் "ஓம், சரியா வரும்" என்று ஒருவர் சொன்னதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அக்கா 3 கிரெடிட் விருப்பப் பாடம் ஒன்றுக்குப் பதிவு செய்து பரீட்சையும் எழுதிவிட்டார். அட்டவணையில் அந்த வரி இன்னும் மஞ்சள். அந்தமுறை நியமனத்துக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. "அடுத்த முறை கேட்டால் வயதெல்லை தாண்டாமல் இருக்கோணும்" என்றார். கொப்பியையும் அவர் விடவில்லை. பெறுபேறு வந்தால் முதலில் அதில் எழுதிவிட்டுத்தான் தொலைபேசியை எடுப்பாராம்.