மான்கறிக்கு ஜாம்! மேல்நாட்டு சமையலின் ரகசியம் என்ன? இங்கே ஆசைப்பட்டால் ஜெயில்தான்!

ஆட்டுக்கறி வறுவலுக்கு ஜாம் தொட்டுக்கொண்டு யாராவது சாப்பிடுவார்களா? "இதென்ன கூத்து!" என்றுதான் நம்ம ஊரில் கேட்பார்கள்.

ஆனால் ஐரோப்பாவில் மான்கறி என்றாலே பழம்தான். இங்கிலாந்தில் சிவப்புப் பழ ஜெல்லி. ஜெர்மனியில் பேரிக்காய். ஸ்வீடனில் காட்டுப் பழத்தைச் சர்க்கரையில் பிசைந்து வைப்பார்கள். பழம் இல்லாமல் மான்கறித் தட்டு மேஜைக்கு வந்தால், "எங்கே பழம்?" என்று கேட்கிற ஆட்களும் உண்டு.

இது பணக்காரர்களின் ஆடம்பரமா? இல்லை. அந்தக் கறிக்கு மூன்று குறைகள் உண்டு. அந்த மூன்றுக்கும் மருந்து பழத்தில் இருக்கிறது. அதுதான் ரகசியம்!

கொழுப்பே கிடையாது

மான் ஓடிக்கொண்டே இருக்கிற பிராணி. புல்லும் தழையும் தின்று காட்டில் திரிகிறது. அதன் உடம்பில் கொழுப்பு தங்குவதில்லை. 100 கிராம் நல்ல சதைக்கறியில் சுமார் 2 அல்லது 3 கிராம் கொழுப்பு இருந்தால் பெரிது.

டாக்டர்களுக்கு இது நல்ல செய்தி. சமையல்காரருக்கோ தலைவலி! கொழுப்பு இல்லாத கறி, அடுப்பில் இரண்டு நிமிஷம் கூடுதலாக இருந்தாலும் வறண்டு செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். இது முதல் குறை.

இருக்கிற கொஞ்ச நஞ்ச கொழுப்பும் சீக்கிரம் உறைந்துவிடும். தட்டு ஆறினால் போச்சு. மெழுகு போல மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மான்கறி பரிமாறும் தட்டைக்கூட முதலில் சூடாக்கி வைக்கிறார்கள். இது இரண்டாவது குறை.

மூன்றாவது, வாடை. ஆட்டுக்கறியைவிடக் கொஞ்சம் அழுத்தமான காட்டு வாடை அதில் அடிக்கும்.

பழம் என்ன செய்கிறது? புளிப்பு, ஒட்டுகிற கொழுப்பை நாக்கிலிருந்து வெட்டி எடுக்கிறது. இனிப்பு, காட்டு வாடையை அடக்குகிறது. பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பசை குழம்பைக் கெட்டியாக்கிப் பளபளப்பாக்குகிறது. வறண்ட துண்டின் மேல் அந்தக் குழம்பு வழிந்து ஈரம் கொடுக்கிறது. புளிக்குழம்பு வைக்கத் தெரிந்த நம்ம ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும்.

மணிமணியாய் ஒரு பழம்

இங்கிலாந்துக்காரர்கள் நம்பியிருப்பது ரெட் கரண்ட் என்ற பழத்தை. இது காய்ந்த திராட்சை அல்ல. மணத்தக்காளிப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கண்ணாடி போல ஒளி விடும் சிவப்பு. கொத்துக் கொத்தாகத் தொங்கும். வாயில் போட்டால் பல் கூசும் புளிப்பு.

இதைச் சர்க்கரையுடன் காய்ச்சி, வடிகட்டி, ஜெல்லியாகப் பாட்டிலில் அடைத்து வைக்கிறார்கள். வருஷம் முழுக்க இருக்கும்.

இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல இது. ஹன்னா கிளாஸ் என்ற அம்மாள் 1747-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே, மான்கறிக்கு கரண்ட் ஜெல்லியைச் சூடாக்கி ஊற்றச் சொல்லியிருக்கிறார். ஜெல்லி இல்லாதவர்களுக்கும் வழி சொன்னார்: சிவப்பு ஒயினில் சர்க்கரை போட்டுக் காய்ச்சு, அல்லது வினிகரில் சர்க்கரை போட்டுக் காய்ச்சு! ஆக, அப்போதே புளிப்பும் இனிப்பும்தான் சூத்திரம்.

செய்வது எப்படி?

மானின் முதுகுக்கறி மிருதுவானது. அதை எண்ணெயும் வெண்ணெயும் காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டு, நாலு பக்கமும் சிவக்க விடுகிறார்கள். உள்ளே ரோஜா நிறம் மாறாமல் இருக்கும்போதே எடுத்து, மூடி, பத்து நிமிஷம் ஓய்வு கொடுக்கிறார்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

அதற்குள் சட்டி காத்திருக்கும். அடியில் பிடித்த பழுப்புப் பிசுக்கை யாரும் கழுவிக் கொட்டுவதில்லை. ருசியே அதில்தான்! கொஞ்சம் ஒயின் ஊற்றிச் சுரண்டுகிறார்கள். எலும்புச் சாறு ஊற்றிப் பாதியாகச் சுண்ட விடுகிறார்கள். ஒரு பெரிய கரண்டி ஜெல்லி, ஒரு துண்டு வெண்ணெய், உப்பு, மிளகு. ஐந்து நிமிஷத்தில் சாஸ் ரெடி.

தோள்கறியும் காலும் அப்படி வேகாது. அவற்றை ஒயின், பிரிஞ்சி இலை, ஜூனிப்பர் காய் போட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வேக விடுகிறார்கள். பழம் கடைசியில்தான் சேரும்.

ஆறிப்போன கறிக்கு வேறு சாஸ் இருக்கிறது. கம்பர்லாண்ட் சாஸ் என்று பெயர். ரெட் கரண்ட் ஜெல்லி, போர்ட் ஒயின், ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், கடுகு எல்லாம் சேர்ந்தது. சூடாக்காமல் குளிர்ச்சியாகவே பரிமாறுவார்கள்.

பேரிக்காய்க் கிண்ணம்

ஜெர்மனியில் பாடன்-பாடன் என்ற ஊர் வெந்நீர் ஊற்றுக்குப் பெயர் போனது. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு மான்கறி இருக்கிறது. பேரிக்காயை இரண்டாக வெட்டி, விதையை நோண்டி, ஒயினில் வேக வைக்கிறார்கள். அந்தக் குழியில் சிவப்புக் காட்டுப் பழ ஜாமை நிரப்பி, முதுகுக்கறியைச் சுற்றிக் கிண்ணம் கிண்ணமாக அடுக்குகிறார்கள். பார்த்தாலே நாக்கில் ஜலம் ஊறும்!

பிரெஞ்சுக்காரர்களின் சாஸில் மிளகு தூக்கல். மிளகு சாஸில் ரெட் கரண்ட் ஜெல்லியும் பாலாடையும் சேர்த்து, அரண்மனை வேட்டைத் தலைவரின் பட்டப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். கிராண் வெனர் சாஸ் என்றால் அதுதான்.

ஸ்வீடனில் வந்த சோதனை

ஸ்வீடனில் லிங்கன் பெர்ரி என்ற பழம் காட்டில் தானாக விளைகிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பறிக்கலாம். அது பழைய உரிமை. ஆகஸ்ட், செப்டம்பரில் பழம் பழுக்கும். அதை ஒட்டியே வேட்டைக் காலமும் வரும். காடு ஒரே நேரத்தில் கறியையும் குழம்பையும் கொடுத்துவிடுகிறது!

இந்தப் பழத்தை அடுப்பில்கூட வைப்பதில்லை. பச்சையாகவே சர்க்கரை போட்டுக் கிளறி வைத்தால் போதும். பழத்திலேயே பென்சாயிக் அமிலம் இருப்பதால் சீக்கிரம் கெடாது. மெல்லிசாகச் சீவி வதக்கிய பனிமான் கறி, உருளைக்கிழங்கு மசியல், பக்கத்தில் ஒரு கரண்டி லிங்கன் பெர்ரி. இது அங்கே வீட்டுச் சாப்பாடு.

அந்தத் தட்டிலும் ஒருமுறை இடி விழுந்தது. 1986 ஏப்ரல் 26-ந்தேதி சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றில் வந்த கதிரியக்க சீசியம் ஸ்வீடன் காடுகளில் மழையோடு இறங்கியது. பனிமான்கள் குளிர்காலத்தில் தின்னும் பாசி, அந்த விஷத்தை அப்படியே உறிஞ்சி வைத்துக்கொண்டது.

வடக்கே பனிமான் மேய்த்துப் பிழைப்பவர்கள் சாமி இனத்து மக்கள். அவர்கள் அடித்த கறியை டன் கணக்கில் சாப்பிடத் தகாதது என்று அதிகாரிகள் ஒதுக்கினார்கள். புதைத்தது போக, தோலுக்காக மிருகம் வளர்க்கும் பண்ணைகளுக்குத் தீனியாகவும் போனது. கிலோவுக்கு 300 பெக்கரல் கதிரியக்கம்தான் இருக்கலாம் என்று முதலில் வரம்பு. அதே வரம்பு நீடித்தால் அந்த ஜனங்களின் தொழிலே அழியும் என்ற நிலை. 1987-ல் பனிமான் கறிக்கும் காட்டுப் பழத்துக்கும் 1,500 என்று வரம்பை உயர்த்தினார்கள். கறியும் பழமும் ஒரே காட்டின் பிள்ளைகள். சோதனையும் இரண்டுக்கும் சேர்ந்தே வந்தது.

கண்ணைப் பிடுங்கினார்கள்!

இங்கிலாந்தில் இன்று மான்கறியைப் பெரிய கடைகளில் பாக்கெட்டில் வாங்கலாம். முன்பெல்லாம் அதற்கு உயிரையே கொடுக்க வேண்டியிருந்தது.

1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியம், காட்டையும் மானையும் தன் சொத்தாக்கிக்கொண்டான். மானைக் கொன்றவனுக்குக் கண்ணைப் பிடுங்கு என்பது அவன் சட்டம். 1217-ல் வந்த காட்டுச் சாசனம்தான், "மானுக்காக இனி எவனும் உயிரையோ அங்கத்தையோ இழக்க வேண்டாம்" என்று இரக்கம் காட்டியது. அபராதம் கட்ட முடியாதவனுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை.

அப்புறமும் விடவில்லை. 1723-ல் கறுப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. முகத்தில் கரி பூசிக்கொண்டு, ஆயுதத்தோடு மான் திருடப் போனவனுக்குத் தூக்கு! அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி 1823-ல்தான் ஒழிந்தது. ஹன்னா கிளாஸ் அம்மாள் ஜெல்லி சாஸ் எழுதிய காலத்தில், ஏழை ஒருவன் அந்தக் கறிக்கு ஆசைப்பட்டால் கழுத்தில் கயிறு.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். மானை அடிக்கும் ஓநாயும் லிங்ஸ் பூனையும் பிரிட்டனில் எப்போதோ அழிந்துவிட்டன. மான் பெருத்துச் சுமார் 20 லட்சம் ஆகிவிட்டது என்று மதிப்பிடுகிறார்கள். மரக்கன்று முளைத்தால் மேய்ந்துவிடுகின்றன. காடு வளர வேண்டும் என்றால் மானைக் குறைக்க வேண்டும் என்று, லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரர்கள் சுடுகிறார்கள். சுட்டதை வீணாக்காமல் தின்பதே நியாயம் என்பது அங்குள்ள வாதம்.

அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஈயக் குண்டால் சுட்ட கறியில் ஈயத் துணுக்குகள் தங்கலாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2012-ல் அறிவுரை சொன்னது.

இங்கே என்ன கதை?

இதைப் படித்துவிட்டு, "ஊர்ப்பக்கம் சொல்லி ரெண்டு கிலோ மான்கறி வரவழைக்கலாமே" என்று யாராவது நினைத்தால், உடனே மறந்துவிடுவது நல்லது.

இந்தியாவில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். வேட்டையாடினவன் மட்டும் மாட்டுவதில்லை. கறியை விற்றவர், வாங்கினவர், வீட்டில் வைத்திருந்தவர் எல்லாரும் கம்பி எண்ண வேண்டியதுதான். வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் கறியோடு பிடிபட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022-ல் நடந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாது.

அந்த வெளிமானும் புள்ளிமானும் சென்னை நகரத்துக்குள்ளேயே, கிண்டி தேசியப் பூங்காவில் மேய்கின்றன. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான் அந்தக் காடு. சுற்றிலும் ரோடு, பஸ், கட்டடம். பிரிட்டனில் மான் பெருத்து மரம் அழிகிறது. இங்கே கட்டடம் பெருத்து, மானுக்கு ஒதுங்க இடம் இல்லை. அங்கத்திய நியாயம் இங்கே செல்லாது.

ஆடு போதும்!

பழ சாஸ் ருசி பார்க்க மான் தேவையே இல்லை. இங்கிலாந்துக்காரர்களே வறுத்த ஆட்டுக்கறிக்கும் அதே ரெட் கரண்ட் ஜெல்லியைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நம்ம வெள்ளாட்டுக் கறியும் கொழுப்பு குறைந்த ஜாதிதான். ரெட் கரண்டுக்குப் பதில் கொடைக்கானல் பிளம்ஸ் இருக்கவே இருக்கிறது.

அரை கிலோ ஆட்டு நெஞ்செலும்புக் கறியை உப்பு, மிளகு போட்டு குக்கரில் வேக வைத்துக்கொள்ளுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். கறியை எடுத்து வெண்ணெயில் சிவக்க வறுத்துத் தனியாக வையுங்கள். அதே சட்டியில் பத்து சின்ன வெங்காயத்தை நறுக்கி வதக்கி, கால் கிலோ பிளம்ஸ் பழத்தைக் கொட்டை நீக்கிப் போடுங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் வினிகர், ஒரு துண்டு பட்டை, அரை டம்ளர் கறித் தண்ணீர். பத்து நிமிஷம் கொதித்துக் கெட்டியானதும் கறியைப் போட்டுப் புரட்டி, மிளகுத் தூளைத் தாராளமாகத் தூவி இறக்குங்கள்.

பழம் நன்றாகக் கனிந்து இனிப்பாக இருந்தால் சர்க்கரையைக் குறையுங்கள். புளிப்பு முன்னே வர வேண்டும், இனிப்பு பின்னே வர வேண்டும். ஜாம் மாதிரி தித்தித்தால் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

சப்பாத்திக்கும் சேரும், ரொட்டிக்கும் சேரும். மான் கிண்டியில் துள்ளட்டும்!