கோழிக்கு ஓட்டு, சேவலுக்கு வேட்டு!

சென்னைத் தெருக்களில் இரண்டு கட்சி

சென்னை:
வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்கலாமா, கூடாதா? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள சென்னைத் தெருக்களில் இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிகள் உண்டு.

முட்டைக் கட்சி

"இருந்துட்டுப் போகட்டுமே!" என்பது முதல் கட்சி.

மிஞ்சின சோறு, அரிசி நொய், கீரைத் தண்டு போதும். பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். கை நெருக்கடிக்கு ஒரு கோழியை விற்றால் வீட்டுப் பெண்களுக்கு நாலு காசு. கறிக்கடையில் நாட்டுக்கோழி விலையைக் கேட்டவர்கள் இந்தக் கட்சியில் சட்டென்று சேர்ந்துவிடுவார்கள்.

ஆனால், கணக்கையும் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழி 10, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு 60, 70 முட்டை கிடைத்தால் அதுவே பெரிசு. ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய 'கிராமப்பிரியா' போன்ற இனம் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடும்.

மூக்கைப் பிடிக்கும் கட்சி

"ஐயோ, வேண்டாம் சாமி!" என்பது எதிர்க்கட்சி.

எச்சம், நாற்றம், ஈ! பூந்தொட்டியைக் கிளறுது, காயப்போட்ட வடகத்தை மிதிக்குது. சிந்தின தீனிக்குப் பெருச்சாளி வருது என்று பட்டியல் நீளுகிறது.

நோய்ப் பயமும் உண்டு. 2006-ல் மராட்டிய மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியாவுக்குள் நுழைந்தது. இந்த நோய் கண்ட இடத்தைச் சுற்றி வீட்டுக் கோழிகளையும் விட்டு வைப்பதில்லை.

விடியுமுன் தகராறு

இரண்டு கட்சியும் நேருக்கு நேர் மோதுவது சேவல் விஷயத்தில்தான். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுப்பவர் என்ன செய்வார்?

அதட்டிப் பயன் இல்லை. சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013-ல் கண்டறிந்தார்கள். வெளிச்சம் பட்டாலும், இன்னொரு சேவல் கூவினாலும் இதுவும் கூவும். தெரு விளக்கு எரியும் நகரத்தில் கேட்கவா வேண்டும்!

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி அளவு 45 டெசிபல் என்கிறது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. சேவலுக்கு அது தெரியுமா?

கேரள மாநிலம் அடூரில் 2025-ல் இந்த வழக்கு கோட்டாட்சியர் வரை போனது. விடியற்காலை 3 மணிக்கே சேவல் கூவுகிறது, தூக்கம் போச்சு என்று ஒரு முதியவர் புகார் கொடுத்தார். அதிகாரிகள் நேரில் பார்த்தார்கள். மாடியில் இருந்த கூண்டை 14 நாளில் வேறு பக்கம் மாற்றும்படி உத்தரவு வந்தது. தொல்லையை அகற்றச் சொல்லும் சட்டம் சென்னைக்கும் உண்டு.

சமரசம் என்ன?

முட்டையிடச் சேவலே தேவையில்லை! குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். நியூயார்க் நகரில் பெட்டைக் கோழி வளர்க்கலாம், சேவலுக்குத் தடை.

அதே வழி இங்கேயும் செல்லும். சேவல் வேண்டாம். நாலைந்து பெட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூண்டில் அடைத்து, தினமும் கூட்டிப் பெருக்கி, ஈரம் தங்காமல் மணலோ மரத்தூளோ போட்டால் நாற்றம் அடங்கும். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கட்டாயம்.

கூண்டு வாங்குமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. முதல் முட்டைகளையும் அங்கேயே கொடுத்துப் பார்க்கலாம். புகார் மனு எழுதும் கை கொஞ்சம் தயங்கும்!