சூரைச்செடியின் கீழ் ஒருவர்



பூச்சிமருந்து குடித்துவிட்டவர்களை எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். சம்பாவுக்குத் தண்ணீர் எட்டாத ஆண்டுகளில் மட்டுமல்ல. விளைச்சல் நன்றாயிருந்த ஆண்டுகளிலும்தான். கடன், குடி, மாமியார் வீட்டுச் சண்டை, பரீட்சைத் தோல்வி எனக் காரணங்கள் பல. பிழைத்தவர்களின் கட்டிலருகே உட்காரும்போது நாங்கள் அடிக்கடி கேட்பது, "அந்த நேரத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஐயா" என்பதே.

ஆரம்ப நாட்களில் நாங்கள் இவர்களிடம் முதலில் பாவத்தைப் பற்றித்தான் பேசினோம். ஒரு தாயார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சி கொண்டுவந்த நர்சம்மாவிடம்தான் அவர் வாய் திறந்தார். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்திருந்த எலியாவுக்கும் தேவதூதன் முதலில் அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவும் விட்டான். இறையியல் கல்லூரியில் அந்த அதிகாரத்தை நாங்கள் படித்துத்தான் இருந்தோம்!

லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1953-ல் தற்கொலை எண்ணமுள்ளோருக்காகத் தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசி வைத்தார். அவரைப் பார்க்க வந்தவர்களுக்கு, காத்திருந்த வேளையில், சபையார் போன்ற சாதாரணத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பலர் அதிலேயே ஆறுதலடைந்து, குருவானவரைப் பார்க்காமலே திரும்பினார்கள். அதே வழியில், செவிகொடுத்துக் கேட்கும் தொண்டர்களைக் கொண்டு, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் 'ஸ்நேகா'வைத் தொடங்கினார்.

வீடு திரும்பியவரைப் போய்ப் பார்ப்பது பெரிய காரியம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வில், சிலருக்கு ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்லி, பின்பு 18 மாதங்களில் 9 முறை விசாரித்தார்கள். அப்படி விசாரிக்கப்பட்டவர்களுள் தற்கொலைச் சாவுகள் மிகக் குறைந்தன என்று 2008-ல் வெளியிட்டார்கள். ஒன்பது விசாரிப்பு! நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பிள்ளைபெற்ற வீட்டுக்கே அதைவிட அதிக முறை போவார்கள்.

"சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. போலீசுக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம்; முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது.

இன்னொன்று, மருந்து டப்பா. கொள்ளிடத்துக்கு வடக்கே காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், ஸ்நேகா குழுவினர் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கட்டடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கச் செய்து, அது நடைமுறைக்கு ஏற்றதே என்று 2013-ல் எழுதினார்கள். வேகம் தணியும்வரை கைக்கெட்டாமல் இருந்தால் பல உயிர் தப்பும். கிராமத்துச் சபைகளில் ஆலயத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியாகவே கிடக்கிறது.

இறந்தவரின் வீட்டாரையும் மறவாதிருங்கள். மணி அடிக்காமல், பாட்டில்லாமல் அடக்கம் செய்த வீடுகளின் பிள்ளைகள் சிலர் இன்னும் ஆலயத்துக்கு வருவதில்லை.

இரவில் நெருக்கடி வந்தால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஞாயிறு அறிவிப்பில் தயவுசெய்து வாசியுங்கள்.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு, வீடு திரும்பியவர்களைப் பார்க்கப் போகும் தொண்டர்களின் பேருந்துக் கட்டணமாகிறது. திருவையாறு பக்கம் போக இன்னும் இருவர் தேவை.