அடமானக் கடன் மனுவும் காத்திருக்கும் காலமும்

நமது வட்டாரத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர் வீடு கட்டுவதற்காக மனைப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெற்றிருந்தார். கடைசித் தவணையையும் செலுத்திய பின்னர் பத்திரம் கைக்கு வரவில்லை. கிளைக்குப் பலமுறை நடந்தார்; "அடுத்த வாரம் வாருங்கள்" என்பதே பதிலாக இருந்தது. பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஓம்பட்ஸ்மனுக்கு, மனு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் முறையிடவில்லை என்ற காரணத்தால் அந்த மனு ஏற்கப்படவில்லை. பத்திரமின்றி மனையை விற்கவும் இயலாது. வேறு இடத்தில் கடன் பெறவும் இயலாது. அவர் நம்மிடம் வந்தபோது வீணான மாதங்களைக் கணக்கிட்டே மிகவும் வருந்தினார்.

2021-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் முறை இது: முதலில் வங்கிக்கு எழுத வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை. சண்டிகரில் உள்ள மத்திய மையத்துக்குத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். வழக்கறிஞர் மூலம் மனுச் செய்ய அத்திட்டம் இடந்தரவில்லை. ஆனால் மனுதாரர் எழுத்தில் அதிகாரம் அளித்தால் வேறொருவர் அவருக்காகப் பேசலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவ்வுதவியைச் செய்வது சாலவும் நன்று. மனுவை அனுப்புவதற்கு அத்திட்டம் ஏறக்குறைய ஓராண்டு அவகாசம் அளித்தது. அவகாசம் இருக்கிறதே என்று கிடந்துவிட வேண்டாம். 31-ஆம் நாளே தபாலில் சேர்த்துவிடலாம்.

மனுவைப் பெற்ற பின் தீர்ப்பு எத்தனை நாளில் வரும்? வங்கி 15 நாட்களில் தன் விளக்கத்தைத் தர வேண்டும் என்று அத்திட்டம் விதித்தது; தீர்ப்புக்கோ நாள் குறிக்கவில்லை. முதலில் சமரசம் முயலப்படும். அது பலிக்காதபோதே தீர்ப்பு. 2023-24-ஆம் ஆண்டில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன. அவற்றுள் பெரும்பகுதி விசாரணைக்கே செல்லாமல் சண்டிகர் மையத்தில் முடிந்துபோயின. தேங்கிய மனுக்கள் பெருகியதை ரிசர்வ் வங்கி ஆளுநரே 2025 டிசம்பர் 5 அன்று எடுத்துரைத்து, ஒரு மாதத்துக்கு மேல் நிலுவையில் உள்ளவற்றைத் தீர்க்க 2026 ஜனவரி முதல் இரண்டு மாத இயக்கம் நடத்தப்படும் என அறிவித்தார். ஆகவே தாமதம் என்பது மனுதாரரின் கற்பனையன்று.

அதனினும் முக்கியமான ஒன்றை நாம் வற்புறுத்த வேண்டியுள்ளது. குறைதீர்ப்பாளரிடம் மனு இருப்பதனால் கடன் தவணை நின்றுவிடாது, வட்டியும் நிற்காது. "தீர்ப்பு வரட்டும், பிறகு கட்டலாம்" என்று தவணையை நிறுத்தியவர்களை நாம் அறிவோம். தவணை நின்றால், சர்ஃபாசி எனப்படும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பலாம். அதன் பின்னர் வீட்டைச் சுவாதீனம் செய்ய நடவடிக்கை எடுத்தால், அந்நடவடிக்கை நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. குறைதீர்ப்பாளரின் கடிதத்தை எதிர்பார்த்து இந்த 45 நாட்களைத் தவறவிட்டால் வீடே ஏலத்துக்குப் போகக்கூடும். விவசாய நிலத்தின் மீது இச்சட்டம் பாயாது என்பது உண்மை. எனினும் அடமானம் செய்த நிலத்தின் மீது வங்கி சிவில் நீதிமன்றத்தில் வழக்கிடத் தடையில்லை.

எல்லாக் கடனும் இந்தக் குறைதீர்ப்பாளரிடம் செல்வதில்லை. மாநிலக் கூட்டுறவு வங்கியும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் 2025 நவம்பர் 1 முதல் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் அதில் இல்லை; அதன் தகராறுகள் 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டப்படி பதிவாளர் துறையிடமே செல்ல வேண்டும்.

இனி பத்திர விஷயம். 2023 செப்டம்பர் 13 அன்று ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது. வீட்டுக்கடன் முதலிய தனிநபர் கடன்கள் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் குற்றத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 5,000 வீதம் கடனாளிக்கு நஷ்டஈடு தர வேண்டும். பத்திரம் தொலைந்திருந்தால் நகல் பெறும் செலவும் வங்கியுடையதே. பயிர்க்கடன் இவ்வாணையில் அடங்காது. கடன் தீர்ந்த தேதியைக் காட்டும் சான்றையும், இவ்வாணையின் தேதியையும் குறிப்பிட்டு எழுதும் ஒரு பக்கக் கடிதத்துக்கு உள்ள பலம் பத்துமுறை நடப்பதற்கு இல்லை.

மேற்சொன்ன விவசாயியும் அவ்வாறே எழுதினார். மூன்றாவது வாரத்தில் பத்திரம் வந்தது. ஆயினும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோது பழைய அடமானம் அப்படியே இருந்தது. வங்கி அதிகாரியை அழைத்துச் சென்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்த பின்னரே அவருடைய மனை வில்லங்கம் நீங்கியது.