பழைய ஃபயர்பிளேஸ்: சரிசெய்யலாமா, மாற்றலாமா?

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பழைய பங்களா வாங்கினால், கூடவே ஒரு ஃபயர்பிளேஸும் வந்துவிடும். குளிருதேன்னு உடனே பற்றவைக்காதீர்கள். முதலில் புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே படிந்த கரியே தீப்பிடிக்கும். பிறகு, புகையும் காகிதம் ஒன்றை அடுப்புக்குள் பிடித்துப் பாருங்கள்.

புகை நேராக மேலே போகுதா? புகைபோக்கியில் விரிசலும் இல்லையா? அப்கிரேடே போதும். திறந்த அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி புகையோடு வெளியே போய்விடும். கதவு வைத்த இரும்பு அடுப்பைப் புகைக்குழாயோடு உள்ளே பொருத்தினால், குறைந்த விறகிலேயே அறை சூடாகும்.

புகை அறைக்குள் திரும்பினாலோ, விரிசல் இருந்தாலோ பற்றவைக்கவே வேண்டாம். பழுது பார்க்கும் செலவு கட்டுப்படியாகலைன்னா, எலெக்ட்ரிக் ஹீட்டருக்கு மாறுங்கள். 2,000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். பழைய வயரிங் அதைத் தாங்குமா என எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபயர்பிளேஸ் வேலை முடியும்வரை சமாளிக்கலாம்னு கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அதுவரை இன்னொரு கம்பளி போதும்.