விமானக் கட்டணத்துக்கு அரசு மீண்டும் கடிவாளம் போட வேண்டுமா?

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் பாட்டனி டவுன்ஸில் எம்மவர் சந்திக்கும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "ரிக்கெற் என்ன விலை போகுது?" ஒரு குடும்பம் ஊருக்குப் போய்வருவதில் வருடச் சேமிப்புக் கரைகிறது. தாய், தகப்பனின் செத்தவீட்டுக்குப் போகலாமா என்பதையும் அந்த விலையே தீர்மானிக்கிறது. ஆகவே கட்டணத்தை அரசாங்கம் மீண்டும் கட்டுப்படுத்தக் கூடாதா என்று நாம் கேட்பதில் நியாயம் உண்டு.

முதலில் இந்த நாட்டின் வரவு செலவைப் பார்ப்போம். நியூசிலாந்தில் உள்நாட்டுச் சேவையில் புதிய நிறுவனங்கள் இறங்காதபடி ஒரு காலத்தில் உரிம வேலி இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தளர்த்தியது. 1987இல் அன்செற் நியூசிலாந்து வந்தது; போட்டியால் சேவை மேம்பட்டது. 1989இல் எயார் நியூசிலாந்தை அரசு 660 மில்லியன் டொலருக்குத் தனியாருக்கு விற்றது.

இனிச் செலவுப் பக்கம். குவாண்டாஸ் நியூசிலாந்து எனப் பெயர் மாறிய அந்தப் போட்டி நிறுவனம் 2001 ஏப்ரலில் முறிந்தது. எயார் நியூசிலாந்து வாங்கியிருந்த அவுஸ்திரேலிய அன்செற் நிறுவனமும் அதே ஆண்டு செப்ரெம்பரில் வீழ்ந்தது. எயார் நியூசிலாந்தைக் காப்பாற்ற அரசு 885 மில்லியன் டொலர் போட்டது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது 900 மில்லியன் டொலர் கடன் வசதியும் கொடுத்தது. இன்று 51 வீதப் பங்கு அரசினுடையது.

ஆனால் பங்குதாரராக இருப்பது வேறு, ஒழுங்குபடுத்துவது வேறு. அரசு இலாபப்பங்கு பெறும், கட்டணத்தை நிர்ணயிப்பதில்லை. நட்டம் வரும்போது மட்டும் வரி செலுத்துவோரின் பெயர் கணக்கில் ஏறுகிறது.

போட்டி எல்லா வழித்தடங்களிலும் இல்லை என்பதே மூலப் பிரச்சினை. 2015இல் எயார் நியூசிலாந்து கைற்றாயா, வக்கத்தானே, வெஸ்ற்போட் ஆகிய சிற்றூர்களுக்குப் பறப்பதை நிறுத்தியது. 2019இல் ஜெற்ஸ்ரார் நெல்சன், நேப்பியர் போன்ற பிராந்திய நகரங்களை விட்டு விலகியது. அமெரிக்கா 1978இல் கட்டுப்பாட்டை நீக்கியபோது, அதே சட்டத்திலேயே சிற்றூர்களுக்கான சேவை அறுந்துபோகாதிருக்க மானியத் திட்டத்தையும் சேர்த்தது. சுதந்திரமும் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில் இருக்கலாம் என்பதற்கு அது சான்று.

எமது பலாலியையும் பாருங்கள். 2019இல் சென்னை–யாழ்ப்பாணச் சேவையைத் தொடங்கியது இந்திய அரசுக்குச் சொந்தமான அலையன்ஸ் எயார். பெருந்தொற்றால் நின்ற சேவையை 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பித்ததும் அதுவே. தனியார் நிறுவனமான இண்டிகோ 2024 செப்ரெம்பரில்தான் வந்தது. அரசு வழி திறந்தது, சந்தை பின்தொடர்ந்தது.

எல்லாக் கட்டணத்தையும் அரசே நிர்ணயிக்கும் பழைய முறை தேவையில்லை. உச்சவரம்பு செலவுக்குக் கீழே போனால் விமானமே வராது. ஆனால் மூன்று விதிகள் அவசியம். ஒரே நிறுவனம் பறக்கும் வழித்தடங்களில் கட்டண விபரம் பகிரங்கமாக வேண்டும். சேவையை நிறுத்துமுன் போதிய கால அவகாசம் கொடுக்க வேண்டும். நிறுவனம் முறிந்தாலும் பயணிகளின் முற்பணம் திரும்பக் கிடைக்கும்படி அது தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

இங்கே வரி கட்டும் நாமும் அந்த 51 வீதத்தில் பங்காளிகள். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருபவரிடம் இந்த மூன்றையும் கேட்போம்.