பேச வரும் பிள்ளைக்கு எழுத்து வராதது ஏன்?

இலங்கையின் நிவித்திகல போன்ற தோட்டப்புறங்களில், லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) சரளமாகப் பேசும் பிள்ளை வகுப்பில் ஒரு வரியை வாசிக்கத் திணறினால், அது சோம்பல் என்றே கொள்ளப்படுவதுண்டு; ஆனால் காரணம் வேறாகவும் இருக்கலாம். 1896இல் பிரித்தானிய மருத்துவர் பிரிங்கிள் மோர்கன், அறிவுக்கூர்மை இருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதிய காலந்தொட்டு ஆராயப்பட்டுவரும் இந்நிலை டிஸ்லெக்சியா எனப்படுகிறது. சொல்லை ஒலிகளாகப் பிரித்து, அவற்றை எழுத்துகளோடு இணைப்பதில் மூளைக்கு நேரும் இடர்ப்பாடே அது.

தமிழில் 'கொ' என எழுதுகையில் ஓர் உயிரொலியின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்பதும், 'கல்', 'தங்கம்', 'அகம்' ஆகியவற்றில் ககரம் வெவ்வேறாக ஒலிப்பதும் இத்தகைய பிள்ளைக்குக் கூடுதல் சுமையாகலாம். உதவியின்றி விடப்படுபவர், கூச்சத்தால் பாடசாலையை விட்டு விலகி, வளர்ந்த பின்னும் படிவம் நிரப்பப் பிறரை நாட நேரலாம். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைக்கும் பயிற்சி, இளவயதிலேயே தொடங்கினால், நல்ல பலன் தருகிறது. ஆகவே ஆசிரியர்கள், இப்பிள்ளைகளைக் கூசச்செய்யும் 'மக்கு' என்ற சொல்லை வகுப்பறையிலிருந்து அகற்ற வேண்டும்.